உரச்சாக்கில் 23 கட்டிகள்: எது ஈயம், எது இல்லை?

என் பெரியப்பா வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர். தென்கரையில், வைகைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சோழவந்தான் பக்கத்துக் கண்மாய்களில் வலை வீசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் குண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். போன தை மாதம் அவர் காலமானார். முப்பதாம் நாள் முடிந்து வீட்டை ஒதுக்கியபோது பத்தாயத்துக்கு அடியிலிருந்து ஓர் உரச்சாக்கை இழுத்தோம். இழுத்தோம் என்பது பேச்சுக்கு. மூன்று பேர் சேர்ந்து நகர்த்தினோம். உள்ளே 23 கட்டிகள். இட்லி வடிவில் பத்து, பணியாரம் போல எட்டு, செங்கல்லைப் பாதியாக வகுந்த மாதிரி நீளக் கட்டை இரண்டு, விரல் தடிமனில் கம்பி இரண்டு, கரடுமுரடாக ஒன்று. கூடவே குறடு மாதிரி இரண்டு கைப்பிடி வைத்த ஓர் இரும்பு அச்சு. அது பெரியப்பாவுக்கும் அப்பா காலத்துச் சாமான். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த தாத்தா, அதற்கு ரவை வார்த்த அச்சு. துப்பாக்கி அவர் இருந்தபோதே ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

பழைய இரும்புக்காரர் வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் ஈயந்தானண்ணே, ஒரே ரேட்டுல போட்டுக்குவோம்" என்றார். ஏமாற்றுகிற ஆள் இல்லை. அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது. எனக்குத்தான் உறுத்தியது. சோழவந்தானில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் வயரைப் பற்றவைக்கும் சால்டர் கம்பிக்கும் ஈயம் என்றுதான் பேர். பெரியப்பா உருக்கியதும் ஈயம். பெரியம்மா ரசம் வைத்த சொம்பும் ஈயம். மூன்றும் வேறு வேறு. வலைக்குண்டு காரீயம். சொம்பு வெள்ளீயம். சால்டர் இரண்டும் கலந்தது. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலை போகும் சரக்கு. ஒரே ரேட்டில் போட்டால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

காசு மட்டும் காரணமில்லை. பல வருஷத்துக்கு முன் நான் செய்த ஒரு கூத்தும் இருக்கிறது. பஞ்சர் கடைகளில் பொறுக்கிய வீல் வெயிட்டுகளை (கார் சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் மாட்டும் எடைத் துண்டுகள்) பெரியப்பா இல்லாத நேரத்தில் நானே சட்டியில் போட்டு அடுப்பைக் கொளுத்திவிட்டேன். அவற்றில் நாலைந்து துத்தநாகம். ஈயம் 327 டிகிரியில் உருகும். துத்தநாகம் 420 டிகிரி வரை தாங்கும். தீயை அளவாக வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதந்திருக்கும், கரண்டியால் தள்ளி எடுத்திருக்கலாம். நான் வைத்த தீயில் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் கேப்பைக் கஞ்சி மாதிரி திப்பி திப்பியாக நின்றது. வார்த்த குண்டெல்லாம் சுருக்கம் விழுந்து, பாதி அச்சு நிரம்பாமல் வந்தது. எட்டுக் கிலோ பாழ். பெரியப்பா திட்டவில்லை. அடுத்த ஒரு வாரம் என்னைச் சட்டி பக்கம் விடவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த முறை ஒன்றைக்கூட உருக்காமல் பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் கையுறை, ஈரத்துணி. பல வருஷம் மரப் பத்தாயத்துக்கு அடியில் கிடந்த ஈயத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அது விஷம். ஊதித் தட்டக் கூடாது, வறண்ட துணியால் உதறக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஈயம் உடம்பில் இந்த அளவு ஏறினால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள். நான் தாழ்வாரத்தில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். தம்பி மகனைப் பெரியம்மாவோடு கடைத்தெருவுக்கு அனுப்பியாயிற்று.

வடிவமே கொஞ்சம் பேசும். வார்க்கிற ஆள் கையில் கிடைத்த குழியில்தான் ஊற்றுவார். பெரியப்பாவிடம் ஒரு அலுமினிய இட்லித் தட்டும் பணியாரச் சட்டியும் ஈயத்துக்கென்றே தனியாக இருந்தன. (தப்பித் தவறியும் அவற்றை அடுப்படிக்குள் கொண்டுபோகக் கூடாது என்று பெரியம்மா அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்.) ஒரே குழியில் ஊற்றியவை ஒரே சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம்பிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து காந்தம். ஒன்றிலும் ஒட்டவில்லை; ஒட்டவும் கூடாது. ஒட்டினால் உள்ளே வீல் வெயிட்டின் இரும்புக் கிளிப் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு சிமென்ட் தரையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். சுத்த ஈயம் ஈர மண்ணில் கல் விழுந்த மாதிரி 'தொப்' என்று விழும், ஓசையே இருக்காது. ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி என்ற சரக்கு கலந்தால் சத்தத்தில் ஒரு கணீர் வரும். இட்லிகள் தொப். பணியாரங்கள் கொஞ்சம் 'டக்'. நீளக் கட்டைகள் இரண்டும் மணி மாதிரி ஒலித்தன. இதற்குப் பழகிய காது வேண்டும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

நகத்தால் கீறிப் பார்ப்பது அதைவிட நிச்சயம். அரத்தால் ஒரு ஓரத்தை ராவிப் புது முகம் எடுத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தை அழுத்தி இழுக்க வேண்டும். சுத்த ஈயத்தில் தெளிவாகக் கோடு விழும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி எழுதும். இட்லி எழுதியது. நீளக் கட்டையில் நகம் வழுக்கியது. நடுத்தரச் சரக்குக்குப் படம் வரைகிற பென்சில் செட் உதவும். மிக மெத்தான 6பியிலிருந்து ஒவ்வொன்றாக முனையைத் தட்டையாகத் தேய்த்து, சாய்த்துப் பிடித்துத் தள்ள வேண்டும். எந்தப் பென்சில் முதலில் உலோகத்தைச் சீவுகிறதோ அதுதான் அதன் கடினம். எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம்: நிச்சயமாகத் தெரிந்த ஒரு சுத்த ஈயத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பணியாரத்துக்கு இட்லியைவிட இரண்டு மூன்று படி கெட்டியான பென்சில் தேவைப்பட்டது.

இதுவரை எல்லாம் ஜாடைதான். தராசுதான் வாயைத் திறந்து சொல்லும்.

டிஜிட்டல் தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் வையுங்கள். தராசை ஜீரோ பண்ணுங்கள். கட்டியைத் தூண்டில் நரம்பில் கட்டி, முழுக்க முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் இடிக்காதபடி, கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் அந்தக் கட்டியின் எடை இல்லை. அது ஒதுக்கிய தண்ணீரின் எடை. தண்ணீர் ஒரு கிராமுக்கு ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அதுவே கட்டியின் கன அளவு. வெளியே எடுத்து, துடைத்து, தனியாக எடை போட்டு, எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

முதல் இட்லி 412 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது பெரியம்மாவின் சமையல் தராசு 36 என்றது. வகுத்தால் 11.44. ஈயமே 11.34தான், வெள்ளீயம், ஆன்டிமனி, துத்தநாகம் எது கலந்தாலும் அதைவிடக் கனமாக வராது. மறுபடி விட்டேன், 37 வந்தது. இப்போது 11.14. ஒரே கட்டி, இரண்டு விடை. தராசு ஒரு கிராமுக்குக் கீழே பார்க்காது என்பதுதான் கோளாறு. சின்னக் கட்டியில் அந்த ஒரு கிராமே விடையைப் புரட்டிவிடும். கடையிலிருந்து அரைக் கிலோ வரை தாங்கும், புள்ளி ஒன்று கிராம் காட்டும் தராசைக் கொண்டுவந்தேன். 412.3 கிராம், தண்ணீரில் 36.4. அடர்த்தி 11.33. சுத்த ஈயம். பத்து இட்லியும் ஏறக்குறைய அதே எண். அப்படித் தராசு இல்லாதவர்கள் ஒரே ஜாதி என்று தோன்றும் நாலைந்து கட்டிகளைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிடலாம், பிழை சுருங்கும்.

கட்டியில் ஒட்டும் காற்றுக் குமிழையும் கவனியுங்கள். வார்த்த கட்டியின் முதுகில் ஆறும்போது விழும் குழியில் காற்று ஒளிந்துகொள்ளும். தண்ணீருக்குள்ளேயே விரலால் தடவி விடுங்கள். குமிழோ உள்ளே பொந்தோ இருந்தால் எண் குறைந்துதான் காட்டும், கூடிக் காட்டாது. அதனால் எண் குறைவாக வந்தால் இன்னொரு முறை பார்க்கவேண்டும். 11.4க்கு மேல் வந்தால் உங்கள் தராசைச் சந்தேகப்படுங்கள். தங்கம் 19.3. தாத்தா காலத்துச் சாக்கு என்றதும் ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பணியாரம்: 186.0 கிராம், 16.9. அடர்த்தி 11.0. சத்தம், பென்சில், எண் மூன்றும் ஒரே பக்கம் காட்டின. இது வீல் வெயிட் ஈயம். நூற்றுக்கு மூன்று நாலு பங்கு ஆன்டிமனி, துளி வெள்ளீயம் இருக்கும்.

நீளக் கட்டை தராசுக்குப் பெரிது. ஓரத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஈயம் என்றால் உளி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். இது 'படக்' என்று உடைந்தது. உடைந்த வாயில் கல்கண்டு உடைத்த மாதிரி மணி மணியாக மினுக்கம். துண்டு 93.0 கிராம், தண்ணீரில் 9.1, அடர்த்தி 10.2. எங்கிருந்து வந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆஃப்செட் வந்து மதுரையில் கையால் எழுத்துக் கோத்த அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, பெரியப்பா ஈய எழுத்துகளை வாளிக்கணக்கில் வாங்கி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. 'ழ'வும் 'ணை'யும் சட்டியில் மெல்லச் சாய்ந்து கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அச்செழுத்து உலோகத்தில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கூடுதல். வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்துக்கு ஆன்டிமனி 11, 12 சதவீதம், வெள்ளீயம் 4 என்று போடுவார்கள். கையால் கோக்கும் எழுத்து தேயாமல் இருக்க அதைவிடக் கூட. வலைக்குண்டுக்கு இதை அப்படியே போட்டால் நரம்பில் வைத்து நசுக்கும்போதே வெடித்துவிடும். மெத்தென்ற ஈயம்தான் கவ்வும். தாத்தாவின் ரவைக்கும் மெத்து ஈயமே வேண்டியிருந்திருக்கும். பெரியப்பா இந்தக் கட்டைகளைத் தொடாமல் வைத்திருந்ததன் காரணம் அதுதான் போலிருக்கிறது.

மிச்சம் மூன்று. கம்பி ஒன்று: 212.0 கிராம், 24.9; அடர்த்தி 8.5. கம்பி இரண்டு: 318.0 கிராம், 43.6, அடர்த்தி 7.29. கரடுமுரடு: 498.0 கிராம், 70.0, அடர்த்தி 7.11.

இங்கேதான் தராசு கைவிரித்தது. வெள்ளீயம் 7.3, துத்தநாகம் 7.1. பொந்து உள்ள வெள்ளீயக் கட்டி ஒன்று துத்தநாகம் மாதிரி நடித்துவிடும். ஒன்று சாக்கிலேயே விலை கூடிய சரக்கு, இன்னொன்று சட்டியைக் கெடுக்கும் சரக்கு. எண்ணை மட்டும் வைத்து முடிவு பண்ணினால் மாட்டிக்கொள்வோம்.

வளைத்துப் பார்த்தேன். 7.29 கம்பி மெதுவாக வளைந்தது. காதருகே வைத்து வளைத்தபோது உள்ளே சரசரவென்று ஒரு சத்தம், வெறும் காலால் காய்ந்த சருகை மிதிப்பது போல. வெள்ளீயம் வளையும்போது அதன் படிகங்கள் நெளிகிற சத்தம் அது; ஒரு தரம் கேட்டால் மறக்காது. கரடுமுரடு வளையவே இல்லை. சுத்தியல் பட்டதும் மூலை தெறித்தது.

அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் ஆசிட். கக்கூஸ் கழுவ விற்கும் சாதாரண ஆசிட் போதும். வெட்டவெளியில், கண்ணாடி போட்டுக்கொண்டு, புதிதாக ராவிய இடத்தில் ஒரே ஒரு சொட்டு. கரடுமுரட்டின் மேல் விழுந்த உடனே சோடா மாதிரி நுரைத்தது. துத்தநாகம். ஈயத்திலும் வெள்ளீயத்திலும் சொட்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அலுமினியமும் கொஞ்சம் தாமதித்து நுரைக்கும். ஆனால் அதன் அடர்த்தி 2.7; கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். பழைய கார்புரேட்டர்களை உருக்கிய கட்டியும் துத்தநாகக் கலப்புதான், அது 6.6, 6.7 காட்டும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் வரும் புகை மூச்சை அடைக்கும்.

8.5 கம்பி சால்டர்தான் என்று எனக்குக் கைபட்டதுமே தெரியும்; பாதிக்கு மேல் வெள்ளீயம், மீதி ஈயம். பித்தளையும் எட்டரைக்குப் பக்கத்தில் நிற்கும் என்றாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் நிரூபிக்காமல் விட மனசில்லை. கடையில் சூட்டைத் திருகி வைக்கும் சால்டரிங் ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டு கம்பிகளிலிருந்தும் ஒரு சுத்த ஈய இட்லியிலிருந்தும் அரிசி மணி அளவு சீவி, ஓட்டின் மேல் வைத்து, முனையை 210 டிகிரியில் வைத்துத் தொட்டேன். சால்டர் சீவல் உடனே உருண்டு பளபளத்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. 260க்கு ஏற்றினேன். வெள்ளீயம் உருகியது, அதன் எல்லை 232. ஈயம் அப்படியே கிடந்தது. இவ்வளவு சின்னச் சீவலுக்கே ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்தேன்.

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகையைச் சோதிக்கும் எக்ஸ்ரே மிஷினில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடாதா என்று தம்பி கேட்டான். தெரியும். ஆனால் அந்த மிஷின் மேல்தோலைத்தான் பார்க்கும். அழுக்கும் பொடியும் உள்ள முகத்தைக் கொடுத்தால் அழுக்கின் கணக்கைத்தான் சொல்லும். போவதானால் ராவிய புது முகத்தோடு போக வேண்டும், தங்கத்துக்கு மட்டும் திருத்தி வைத்த மிஷினா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 23 கட்டிக்கும் அந்தச் செலவு தேவையில்லை.

இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது. தண்ணீரில் முக்கிய கட்டியை அன்றே உருக்கச் சட்டியில் போடாதீர்கள். குழிக்குள் ஒரு துளி நீர் இருந்தாலும் உருகிய ஈயத்துக்கு அடியில் அது நீராவியாகி மொத்தத்தையும் முகத்தில் வாரி அடிக்கும். குறைந்தது இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். சித்திரை வெயிலாக இருந்தாலும் நான் இரண்டு நாளுக்குக் குறைக்க மாட்டேன். அப்புறம், பேட்டரித் தகடு. சாக்கில் இல்லை, இருந்திருந்தால் சோதனையே வேண்டாம் என்றிருப்பேன். அதில் ஊறிய ஆசிடும் கசடும் சேர்ந்து வரும் புகையை வீட்டில் எவரும் தாங்க முடியாது. பழைய பேட்டரியைச் சேகரிப்பவரிடமோ புதுப்பிப்பவரிடமோ மறுசுழற்சிக்காரரிடமோதான் சேர்க்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் விதிகளே இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் நம்பர் பஞ்சால் அடர்த்தியை முதுகிலேயே குத்திவிட்டேன்: 11.3, 11.0, 10.2, 8.5, 7.3, 7.1. இட்லிகளை வலைக்காரர்களே கேட்டு எடுத்துக்கொண்டார்கள். பழைய இரும்புக்காரருக்குப் பணியாரமும் கட்டைகளும், தனித்தனி ரேட்டில். சால்டரை நான் கடைக்கு எடுத்துக்கொண்டேன். துத்தநாகம் பின்கட்டுக் கதவுக்கு முட்டுக் கல்லாகிவிட்டது.

வெள்ளீயக் கம்பியைப் பெரியம்மாவிடம் காட்டி, "இது மட்டும் எப்படி பெரியம்மா வந்துச்சு?" என்றேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது என் சீர்ச் சொம்புடா. தண்ணி ஊத்தாம அடுப்புல வச்சுட்டு ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். அடி கழண்டு விறகுல ஓடிப்போச்சு. மிச்சத்த உங்க பெரியப்பா உருக்கி ஊத்தி வச்சாரு, ஒரு நா சொம்பாக்கித் தாரேன்னு."

"கும்பகோணத்துல குடுத்து இப்ப ஆக்கலாமாய்யா?" என்று அவரே கேட்டார்.

கூடாது என்றேன். அதை ஊற்றிய கரண்டியும் சட்டியும் ஈயம் உருக்கியவை. நூற்றில் ஒரு பங்கு ஈயம் கலந்திருந்தாலும் அடர்த்தி 7.29 என்பது 7.32 ஆகும், அவ்வளவுதான்; என் தராசு அதைக் கண்டுபிடிக்காது. புளியும் சூடும் அந்த ஒரு பங்கைக் கண்டுபிடித்துவிடும். தொழிலுக்கு ஆகும், ரசத்துக்கு ஆகாது.

"அப்ப இத வித்துட்டு புதுசு ஒண்ணு வாங்கிக் குடு. நல்ல கடையா பாத்து வாங்கு. அதையும் தண்ணியில தொங்கவிட்டுப் பாத்துட்டுக் கொண்டாந்து குடு" என்று கம்பியை என் கையில் திணித்தார்.